கலப்படம் கண்ட மருத்துவர்

காப்பித்தூள் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் அதில் காப்பி இத்தனை விழுக்காடு, சிக்கரி இத்தனை விழுக்காடு என்று அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். வெளிநாட்டிலிருந்து வந்த சாக்லேட்டின் உறையிலோ கொக்கோ, சர்க்கரை, பால், கொழுப்பு என அதில் சேர்ந்த பொருள்களின் பட்டியல் பொடி எழுத்தில் நிறைந்திருக்கும். இவ்வெழுத்துகள் பழங்காலம் முதல் இருந்து வந்தவை அல்ல. ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னர், உலகின் செல்வம் மிகுந்த நகரங்களுள் ஒன்றாகிய இலண்டனிலேயே, ஒரு பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை விற்பவர் மட்டுமே அறிவார். சில வேளைகளில் அவரும் அறியார். அந்நிலை மாறுவதற்குக் காரணமாக இருந்தவர்களுள் முதன்மையானவர் ஆர்தர் ஹில் ஹாசல் என்னும் ஆங்கில மருத்துவர்.

ஹாசல் 1817ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 13ஆம் நாள், தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள டெடிங்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் தாமஸ் ஹாசல் அறுவை மருத்துவர். இளமையிலேயே மருத்துவம் பயில விரும்பிய ஆர்தர், அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் வாழ்ந்த தம் மாமா சர் ஜேம்ஸ் மர்ரேயிடம் அனுப்பப்பட்டார். மர்ரே புகழ்பெற்ற மருத்துவர். வயிற்றுப் புளிப்பைத் தணிக்கும் மக்னீசிய நீர்மத்தை உருவாக்கியவர். அவரிடம் மருந்தும் மருத்துவமும் கற்ற நேரம் போக, எஞ்சிய பொழுதையெல்லாம் ஹாசல் கடற்கரையில் கழித்தார். அலை ஒதுக்கிய பாசிகளையும் சிற்றுயிர்களையும் சேகரித்து வகைப்படுத்தினார். நோயாளிகளைக் காண வேண்டிய இளைஞர் பாசி பொறுக்கித் திரிவது வீண்வேலை என்று பிறருக்குத் தோன்றியிருக்கக்கூடும். பின்னாளில் அவருக்குக் கைகொடுத்தது அந்தப் பாசி பொறுக்கிய பழக்கமே.

இலண்டனுக்குத் திரும்பிய பின் அவர் நுண்ணோக்கியோடு ஒன்றிப்போனார். 1845இல் பிரித்தானிய நன்னீர்ப் பாசிகளைப் பற்றி விரிவான நூல் ஒன்றை வெளியிட்டார். அடுத்த ஆண்டு முதல் மனித உடலின் நுண்ணுறுப்புகளைப் படங்களுடன் விளக்கும் நூலைப் பகுதி பகுதியாக எழுதினார். கழுத்துக்குக் கீழே, நெஞ்செலும்பின் பின்புறம் அமைந்துள்ள தைமஸ் சுரப்பியில் வெங்காயச் சுருள் போன்ற நுண்ணிய உருண்டைகள் உண்டு. அவற்றை விளக்கி வரைந்தவர் என்பதால் அவை இன்றளவும் ஹாசல் துகள்கள் என்றே மருத்துவ மாணவர்களால் அழைக்கப்படுகின்றன.

1850இல் இலண்டன் மக்கள் குடித்த நீரின்மீது அவர் கவனம் திரும்பியது. தேம்ஸ் ஆற்று நீரைக் குழாய் வழியே வழங்கிய தனியார் நிறுவனங்கள் பல. அவற்றின் நீரைத் துளித்துளியாக நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்து, அதில் நெளிந்த உயிர்களையும் கழிவுகளையும் வண்ணப்படங்களாக வரையச் செய்து வெளியிட்டார். நாள்தோறும் தாங்கள் குடித்தது இதுவென்று கண்ட மக்கள் அதிர்ந்தனர். இரண்டே ஆண்டுகளில் இலண்டன் குடிநீரைச் சீர்ப்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டது.

அதே ஆண்டில்தான் காப்பியின் கதையும் தொடங்கியது. அக்காலத்தில் இலண்டனுக்கு வந்த காப்பிக் கொட்டையில் கணிசமான பகுதி இலங்கையின் மலைத்தோட்டங்களில் விளைந்தது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து கால்நடையாகவும் தோணியிலும் சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் அத்தோட்டங்களில் உழைத்தனர். அவர்கள் பறித்த பழத்தின் கொட்டை கப்பலேறி, சுங்கம் செலுத்தி, இலண்டன் கடைக்கு வந்து சேர்ந்தபின், வறுத்து அரைக்கும்போது அதில் சிக்கரிக் கிழங்கின் தூள் கலக்கப்பட்டது. சிக்கரி நஞ்சன்று; ஆனால் காப்பியைவிடப் பன்மடங்கு மலிவானது. காப்பியின் விலையைக் கொடுத்துக் கிழங்குத் தூளை வாங்கிச் சென்றவர்கள் பெரும்பாலும் ஏழைகள்.

இக்கலப்பைக் கண்டறிய இயலுமா என்னும் வினா நாடாளுமன்றத்தில் எழுந்தது. வேதியியல் முறையாலும் வேறெந்த முறையாலும் அது இயலாதென்று வல்லுநர்கள் கூறியதாக நிதியமைச்சர் சர் சார்லஸ் வுட் அவையில் தெரிவித்தார். 1854ஆம் ஆண்டின் இந்தியக் கல்வி அறிக்கையால் நம் நாட்டு வரலாற்றுப் பாடத்தில் இடம்பெறும் அதே வுட்தான் இவர். வல்லுநர்களின் கூற்றிலும் ஓரளவு உண்மை இருந்தது. வறுத்த பொருளைக் கரைத்தும் காய்ச்சியும் பார்க்கும் வேதியியலாளருக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றின. ஹாசலோ வேதியியலாளராக அன்றித் தாவரங்களை அறிந்தவராக அதை அணுகினார். வறுத்தாலும் அரைத்தாலும் தாவரத்தின் உயிரணுக்களுடைய வடிவம் முற்றிலும் அழிந்துவிடுவதில்லை. காப்பி ஒரு விதை. அதன் உயிரணுக்கள் தடித்த சுவரும் கோணமும் உடையவை, உள்ளே எண்ணெய்த் துளிகளைக் கொண்டவை. சிக்கரி ஒரு கிழங்கு. அதில் நீரை ஏற்றும் நீண்ட குழல்கள் உண்டு. நுண்ணோக்கியின் கண்ணாடித் தகட்டில் ஒரு சிட்டிகைத் தூளை இட்டால், ஒன்று மற்றொன்றல்ல என்பது கண்முன்னே நின்றது.

அவர் கடைகளில் வாங்கிச் சோதித்த 34 காப்பித்தூள்களில் 3 மட்டுமே தூயவையாக இருந்தன. ஆய்வை அவர் இலண்டன் தாவரவியல் கழகத்தில் படித்தார். நாளிதழ்களும் அதனை வெளியிட்டன. கண்டறியவே இயலாதென்று அரசு கூறிய ஒன்றைத் தனி மனிதர் ஒருவர் கண்டறிந்து காட்டியது நகரெங்கும் பேச்சாயிற்று.

கலப்படத்தைப் பற்றி எழுதியவர்களுள் ஹாசல் முதல்வர் அல்லர். அவருக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே, 1820இல், பிரடெரிக் ஆக்கம் என்னும் செருமானிய வேதியியலாளர் இலண்டனில் இருந்துகொண்டு உணவில் கலக்கும் நஞ்சுகளைப் பற்றி நூல் எழுதினார். குற்றம் புரிந்த வணிகர்களின் பெயர்களையும் அதில் அச்சிட்டார். நூல் ஒரு திங்களுக்குள் ஆயிரம் படிகள் விற்றது, பகைவர்களும் பெருகினர். அவ்வேளையில் நூலகப் புத்தகங்களின் தாள்களைக் கிழித்தார் என்னும் குற்றச்சாட்டு அவர்மீது எழ, ஆக்கம் இங்கிலாந்தைவிட்டே வெளியேறினார். அவரோடு அந்தக் கிளர்ச்சியும் அடங்கிவிட்டது. வணிகரின் பெயரைச் சொல்வது எவ்வளவு ஆபத்தானது என்பதை இலண்டன் மறக்கவில்லை.

அந்த ஆபத்தை மீண்டும் மேற்கொள்ளத் துணிந்தவர் லான்செட் என்னும் மருத்துவ இதழின் ஆசிரியர் தாமஸ் வேக்லி. ஹாசலின் காப்பி ஆய்வைக் கண்டு அவர் ஹாசலை அழைத்துப் பேசினார். 1851 முதல் 1854 வரை உணவுப்பொருள்கள் ஒவ்வொன்றையும் சோதித்து முடிவுகளை லான்செட்டில் வெளியிடுவதென்று இருவரும் முடிவு செய்தனர். தூய பொருள் விற்றவரின் பெயரும் முகவரியும் வரும். கலப்படப் பொருள் விற்றவரின் பெயரும் முகவரியும் அவ்வாறே வரும். ஒரு சோதனை தவறினாலும் அவதூறு வழக்கு வந்து இதழும் ஆசிரியரும் அழியலாம். ஆகவே ஐயத்துக்கு எள்ளளவும் இடமிராத முறை தேவைப்பட்டது.

ஹாசல் வகுத்த முறை எளிது. ஆனால் மிகுந்த உழைப்பை வேண்டுவது. பொருள்களைத் தாமே கடை கடையாகச் சென்று வாங்கினார். சாட்சியாக ஒருவரை உடன் அழைத்துச் சென்றார். வாங்கிய நாள், கடை, விலை ஆகியவற்றைப் பொட்டலத்தின்மீது உடனுக்குடன் குறித்தார். பின்னர் நுண்ணோக்கியாலும் வேதியியல் முறையாலும் சோதித்தார்; வேதியியல் சோதனைகளில் தொடக்கத்தில் ஹென்றி லெதபி உதவினார். நுண்ணோக்கியில் கண்டவற்றை ஓவியர் ஒருவர் அப்படியே வரைந்தார். இன்றைய உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரி எடுத்து, சாட்சி வைத்து, முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் வழக்கத்தில் இம்முறையின் சாயலைக் காணலாம்.

வாரந்தோறும் வெளிவந்த முடிவுகள் மக்களின் உணவு மேசையையே அச்சந்தரும் இடமாக்கின. மட்டமான மாவையும் வெண்மையாக்க ரொட்டியில் படிகாரம் சேர்க்கப்பட்டிருந்தது. கடுகுத் தூளில் கோதுமை மாவு கலந்து, வெளிறிய நிறத்தை மறைக்க மஞ்சள்தூள் இடப்பட்டிருந்தது. அயல்நாட்டார்க்கு உணவாகிய நம் மஞ்சள் அங்கே மோசடிக்கு உடந்தையாயிற்று. மிளகாய்த் தூளில் செவ்வீயம் இருந்தது. ஊறுகாயின் பசுமைக்குச் செம்பு உப்பு காரணமாக இருந்தது. பயன்படுத்தி எறிந்த தேயிலை மீண்டும் உலர்த்திச் சாயமேற்றி விற்கப்பட்டது. எல்லாவற்றினும் கொடியவை குழந்தைகள் விரும்பித் தின்னும் வண்ண மிட்டாய்கள். மஞ்சள் நிறத்துக்கு ஈயக் குரோமேட்டு, சிவப்புக்குப் பாதரசச் சேர்மமாகிய சாதிலிங்கம், பச்சைக்குச் செம்பும் ஆர்சனிக்கும் சேர்ந்த சாயம் என ஓவியர்கள் சுவரில் பூசுவதற்கும் தயங்கும் பொருள்கள் மிட்டாயில் இருந்தன.

கொக்கோவின் நிலை தனியே விளக்கத்தக்கது. கொக்கோ மரம் இங்கிலாந்தில் வளராது. கொட்டைகள் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் கப்பலில் வந்தன. துறைமுகத்தில் சுங்க அதிகாரிகள் அவற்றை எடைபோட்டு வரி வாங்கினர். அரசின் அக்கறை வருவாயில்தான் இருந்தது. வரி கட்டிய கொட்டை பின்னர் எதனோடு சேர்ந்து எத்தகைய பொட்டலமாக மாறினாலும் கேட்பாரில்லை. அன்று சாக்லேட்டு பெரும்பாலும் பருகும் பொருள். அச்சில் வார்த்துக் கடித்துத் தின்னும் சாக்லேட்டு 1847இல்தான் இங்கிலாந்தில் தோன்றியது.

கொக்கோக் கொட்டையில் ஏறத்தாழ பாதி கொழுப்பு. அதை அரைத்து வெந்நீரில் கலந்தால் மேலே எண்ணெய் மிதக்கும். குடிப்பவருக்கு வயிறு மந்தமாகும். நெதர்லாந்தில் வான் ஹவுட்டன் என்பார் 1828ஆம் ஆண்டிலேயே கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் அழுத்துப்பொறிக்கு உரிமம் பெற்றிருந்தார். ஆங்கில உற்பத்தியாளர்கள் அப்பொறியை நாடாமல் வேறு வழியை நாடினர். எண்ணெயை உறிஞ்சுவதற்கு உருளைக்கிழங்கு மாவு, சவ்வரிசி மாவு, கோதுமை மாவு ஆகியவற்றைச் சேர்த்தனர். குடிக்க எளிதாகும் என்பது அவர்கள் சொன்ன காரணம். மாவு மலிவு என்பது சொல்லாத காரணம். மாவு மிகுந்ததும் பழுப்பு நிறம் வெளிறியது. வெளுத்த கொக்கோவை யார் வாங்குவார்? ஆகவே இரும்புச் சத்துள்ள செம்மண்ணைப் பொடித்து நிறமேற்றினர். கசப்பு குறையும் பொருட்டும் எடை கூடும் பொருட்டும் சர்க்கரை சேர்த்தனர். இவ்வாறு ஒரு கலப்பை மறைக்க மற்றொரு கலப்பு தேவைப்பட்டது. இறுதியில் உடலுக்கு நல்லதென்று விளம்பரம் செய்யப்பட்ட பொட்டலத்தில் கொக்கோ சிறுபகுதியே இருந்தது.

ஹாசல் இதனை இரு வழிகளில் வெளிப்படுத்தினார். முதலாவது வழி நுண்ணோக்கி. ஒவ்வொரு தாவரத்தின் மாவுமணிக்கும் தனி உருவம் உண்டு. உருளைக்கிழங்கின் மாவுமணி பெரியது. கிளிஞ்சலைப் போல வரிவரியான வளையங்கள் உடையது. கோதுமையின் மணி வட்டமானது. கொக்கோவின் சொந்த மாவுமணியோ மிகச் சிறியது. ஆதலால் கொக்கோவில் மாவு இருக்கிறதா என்பது கேள்வியன்று. எந்தச் செடியின் மாவு என்பதே கேள்வி. இரண்டாவது வழி நெருப்பு. தூளை எரித்தால் தாவரப் பகுதி எரிந்துபோகும், மண் எரியாது. செம்மண் கலந்த கொக்கோவின் சாம்பல் துருவின் நிறத்தில் எஞ்சி நின்று காட்டிக்கொடுத்தது.

1855இல் இவ்வாய்வுகள் அனைத்தும் ஒரே நூலாக வெளிவந்தன. அதே ஆண்டில் நாடாளுமன்றம் கலப்படத்தை ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதன்முன் முதன்மைச் சாட்சியாக ஹாசல் பல நாள் விடையளித்தார். வணிகர்களும் வந்து வாதிட்டனர். மக்கள் மலிவான பொருளையே விரும்புகின்றனர், கலப்பின்றி மலிவு இல்லை என்பது அவர்களுடைய வாதம். அது முற்றிலும் பொய்யன்று. ஏழைத் தொழிலாளியின் கூலியில் தூய காப்பி வாங்க இயலாதுதான். ஆனால் கலப்பு என்று அறிந்து குறைந்த விலைக்கு வாங்குவது வேறு, தூயது என்று நம்பி ஏமாறுவது வேறு.

குழு அறிக்கை தந்த பின்னும் சட்டம் உடனே வரவில்லை. 1858ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களின் இறுதியில் பிராட்போர்டு நகரில் நிகழ்ந்த கொடுமை நாட்டை உலுக்கியது. அங்கே மிட்டாய் செய்பவர்கள் சர்க்கரைக்குப் பதிலாகச் சுண்ணக்கல் பொடியையும் அதுபோன்ற வெண்பொடிகளையும் கலப்பது வழக்கம். அப்பொடி வாங்கச் சென்றவருக்கு மருந்துக்கடையில் தவறுதலாக ஆர்சனிக் நஞ்சு கொடுக்கப்பட்டது; இரண்டும் வெண்மையாகவே இருந்தன. அதனால் செய்த மிட்டாய் சந்தையில் விற்கப்பட்டது. ஏறத்தாழ இருபது பேர் மாண்டனர். இறந்தவருள் குழந்தைகள் பலர். இருநூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். வழக்கு நடந்தும் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை; மிட்டாயில் பொடி கலப்பதே குற்றம் என்று சொல்லும் சட்டம் அன்று இல்லை.

1860இல் முதல் கலப்படத் தடைச் சட்டம் பிறந்தது. அது வலுவற்ற சட்டம். உணவு ஆய்வாளரை நகராட்சிகள் விரும்பினால் அமர்த்தலாம் என்றதே தவிர, அமர்த்த வேண்டும் என்று கட்டளையிடவில்லை. பல நகராட்சி மன்றங்களில் கடைக்காரர்களே உறுப்பினர்களாக இருந்தபோது, அவர்கள் தங்களைச் சோதிக்கத் தாங்களே ஆள் அமர்த்துவார்களா? 1872இல் சட்டம் திருத்தப்பட்டது. 1875இல் வந்த புதிய சட்டமே உண்மையான பல்லுடையது. வாங்குபவர் கேட்ட பொருளின் இயல்பும் தன்மையும் தரமும் இல்லாத ஒன்றை விற்பது குற்றமாயிற்று. கலவைப் பொருளை விற்க வேண்டுமானால் அது கலவை என்பதைச் சீட்டில் தெளிவாக எழுதி ஒட்ட வேண்டும். மாவும் சர்க்கரையும் சேர்ந்த கொக்கோவை அதன்பின்னும் விற்கலாம். ஆனால் தூய கொக்கோ என்று விற்க முடியாது. அச்சட்டத்தில் இறக்குமதிக்கும் ஒரு விதி இருந்தது. கப்பலில் வந்த தேயிலையைச் சுங்கத் துறையினர் துறைமுகத்திலேயே மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். உண்ணத் தகாதது என்றால் அழித்துவிட வேண்டும். வரி வாங்கும் இடமாக மட்டும் இருந்த துறைமுகம் தரம் பார்க்கும் இடமாகவும் ஆயிற்று. தேயிலைக்கு மட்டுமே அவ்விதி இருந்தது. கொக்கோ அதில் சேரவில்லை.

இதற்குள் வணிகத்திலும் மாற்றம் தோன்றியிருந்தது. பர்மிங்காமில் நலிந்துகொண்டிருந்த தம் தந்தையின் கொக்கோத் தொழிலை ஏற்ற ரிச்சர்டு காட்பரி, ஜார்ஜ் காட்பரி என்னும் உடன்பிறந்தார், வான் ஹவுட்டனின் பொறியை வாங்கி 1866இல் மாவு சேராத கொக்கோத் தூளை விற்கத் தொடங்கினர். கலப்படம் பற்றிய அச்சம் மக்கள் மனத்தில் இருந்ததால், தூய்மை என்னும் ஒரு சொல்லையே அவர்கள் தம் விளம்பரமாக்கினர். அதற்குமுன் அவர்கள் விற்ற கொக்கோவும் மாவு சேர்ந்ததுதான் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

நம் நாட்டில் சென்னை மாகாணம் 1918இல் கலப்படத் தடைச் சட்டம் ஒன்றை இயற்றியது. விடுதலைக்குப் பின் 1954இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் இப்போது நடைமுறையில் உள்ளது. அச்சட்டத்தின்கீழ், வெளிநாட்டுச் சாக்லேட்டு இந்தியத் துறைமுகத்திலோ வானூர்தி நிலையத்திலோ வந்திறங்கும்போது அதன் ஆவணங்கள் பார்க்கப்படுகின்றன. சேர்பொருள்களின் பட்டியல், காலாவதி நாள், சைவமா அசைவமா என்னும் குறி முதலியவை உறையில் உள்ளனவா என்று பார்க்கின்றனர். தேவையான போது மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகின்றனர். கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு கொழுப்பு அளவு மீறிச் சேர்ந்துள்ளதா, ஈயம் போன்ற உலோகம் உள்ளதா, நோய்க்கிருமி உண்டா என்பன ஆராயப்படுகின்றன. கிருமிகளைப் பற்றிய கேள்வியை ஹாசலின் காலம் கேட்கவில்லை. ஆயினும் 1854இல் இலண்டனில் வாந்திபேதி பரவியபோது, நோயாளிகளின் கழிவில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் நெளிவதை அவர் நுண்ணோக்கியில் கண்டு பதிவு செய்திருந்தார். அவையே நோய்க்குக் காரணம் என்பது அன்று பரவலாக ஏற்கப்படவில்லை.

ஓயாத உழைப்பு ஹாசலின் உடலை வாட்டியது. 1866இல் அவருக்கு நுரையீரலில் குருதி கசிந்தது, காசநோய் பற்றியிருந்தது. இலண்டனின் புகையை விட்டு, தெற்கே வைட் தீவிலுள்ள வென்ட்னர் என்னும் கடற்கரை ஊருக்குச் சென்றார். நல்ல காற்றிலும் வெயிலிலும் சற்றுத் தேறியதும், தம்மைப்போல் நோயுற்ற ஏழைகளின் நினைவு வந்தது. அக்காலத்து மருத்துவமனைகளில் காசநோயாளிகள் பெருங்கூடங்களில் நெருங்கிக் கிடந்தனர். ஹாசலோ தெற்கு நோக்கிய சிறுசிறு வீடுகளாக ஒரு மருத்துவமனையைத் திட்டமிட்டார். ஒவ்வொரு நோயாளிக்கும் தனி அறை. அறைக்குள் கடற்காற்றும் கதிரவன் ஒளியும் தடையின்றி வரும். நன்கொடை திரட்டி 1860களின் இறுதியில் அதனை நிறுவினார்.

முதுமையில் குளிர் தாங்காமல் இத்தாலியின் சான் ரெமோ நகரில் தங்கினார். அங்கும் மருத்துவத் தொழிலை விடவில்லை. தம் வாழ்க்கை வரலாற்றையும் எழுதி 1893இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு ஏப்பிரல் திங்கள் 9ஆம் நாள் அங்கேயே காலமானார். காசநோய்க்கு மருந்து கண்டறியப்பட்டபின் வென்ட்னர் மருத்துவமனைக்குத் தேவை குறைந்தது. 1964இல் அது மூடப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் இப்போது ஒரு தாவரவியல் தோட்டம் இருக்கிறது.